மீன் தீனிக்கு உப்புப் பார்த்தல்

நாக்கு

"கடிக்காதீங்க காக்கா, அது மீனுக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் முறையில் நான் கூப்பிடும் பாறூக் காக்கா சாக்குக்குள் கையை விட்டு, கிள்ளி எடுத்த தீனி மணிகளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார். வளர்ப்பு மீனின் குடலுக்கு நல்லது செய்கிற பவுடரை விற்கும் என் தொழிலில், வாடிக்கையாளர்கள் பையைப் பார்ப்பார்கள், மீனைப் பார்ப்பார்கள், கடைசியில் இவன் சொல்வது மெய்யா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நாக்கால் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கண்ணை மூடி மென்றார். துப்பினார். "நல்ல சாக்கு" என்றார். பிறகுதான் காரணம் சொன்னார். கத்தாரில் பல வருடம் சீமெந்துத் தூசிக்குள் வேலை செய்ததில் அவருக்கு வாசம் பிடிபடாமல் போய்விட்டது. கருவாடும் ஒன்றுதான், அத்தரும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சாக்கையும் அவிழ்த்ததும் கடித்துப் பார்ப்பார். ஊருக்குத் திரும்பி, சவளக்கடைப் பக்கத்தில் மனைவியின் சீதன வயலின் பள்ளமான மூலையில் இரண்டு குளம் வெட்டி, திலாப்பியா விட்டிருந்தார். கொண்டுவந்த காசு முழுவதும் அந்த இரண்டு குழிக்குள் தண்ணீராக நின்றது. கத்தாரிலிருந்த பழைய முதலாளி அவருடைய இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை; நோன்புப் பெருநாள் வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பெருநாளுக்கு மீன் பிடிபட்டால் காக்கா ஊரில் இருப்பார். மீன் செத்தால் விமானம் ஏறுவார். இதை அவர் வானிலை அறிக்கை சொல்வதுபோலச் சொன்னார்.

நான் என் பவுடர்ப் பையைப் பிரித்து நீட்டினேன். அதிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். வேர்களிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் எடுப்பது, உடம்பில் சேராது, வயிற்றிலுள்ள நல்ல கிருமிகளுக்கு மட்டும் தீனியாகும் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்ததை நான் ஒப்புவித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்:

"சரியான இனிப்பா இரிக்கி தம்பி. மீனுக்குச் சீனி வருத்தம் வராதா?"

வயிற்றுக்குள் இருக்கிறவன்

நீங்களும் கண்ணுக்குத் தெரியாத எதையாவது விற்றுப் பிழைப்பவர் என்றால் என் கஷ்டம் புரியும். கிருமி என்ற சொல்லை வாயில் எடுத்ததும் எதிரில் இருப்பவர் அரை அடி பின்னால் நகர்வார். கொல்லுகிற மருந்தென்றால் விற்பது சுகம். வளர்க்கிற மருந்தென்றால், அதுவும் மருந்தே இல்லை என்றால், கதிரையில் இருக்கச் சொன்னவர்கூட எழும்பிவிடுவார்.

பாறூக் காக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். "என்ட தலைக்குள்ள போகுதில்ல. அவவுக்கு விளங்கப்படுத்திச் செல்லுங்க" என்றார். எனக்கு அக்கா முறையான அவர் மனைவி ஜெஸீமா ராத்தா முன் விறாந்தையில் தயிர்ச் சட்டிகளை வரிசையாக மூடிக்கொண்டிருந்தார். உள்ளறை அலுமாரிக்கு மேலே ஒரு பெரிய பயணப்பெட்டி இருந்தது. விமான நிலையத்தில் சுற்றிவரும் பெட்டிகளுக்குள் அடையாளம் தெரிவதற்காக அதன் கைபிடியில் ஒரு சிவப்பு ரிபன் கட்டியிருந்தார்கள். காக்கா வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் ரிபன் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதை ராத்தா பார்த்தார். "அதக் கழத்த வேணாமெண்டு செல்றார். திரும்பக் கட்டுறது கரைச்சலாம்" என்றார். காக்கா மேசை விரிப்பை நேராக்கினார்.

நான் தயிரை வைத்தே விளக்கினேன். பாலுக்குள் போடுகிற உறை ஓர் உயிர். மீனின் குடலுக்குள்ளும் அப்படி நல்ல உயிர்கள் இருக்கின்றன. நான் உறை விற்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற உறைக்குச் சாப்பாடு விற்கிறேன். அது கொழுத்தால் கெட்ட கிருமிக்கு உள்ளே இருக்க இடம் கிடைக்காது. ராத்தா கடைசிச் சட்டியை மூடி, சிரட்டையை மேலே கவிழ்த்துவைத்தார்.

"மீனுக்கும் சாப்பாடு, மீன்ட வயித்துக்குள்ள இரிக்கிறவனுக்கும் சாப்பாடு. எங்கட வீட்டுப் பெருநாள்தான். வாற விருந்தாளி இன்னொரு விருந்தாளியக் கூட்டிக்கொண்டு வாற மாதிரி."

கவலையான மீன்

எங்கள் கம்பனியின் பிரதேச மேலாளர் மட்டக்களப்பில் இருக்கிறார். அவருக்கு என்னிடமிருந்து வேண்டியதெல்லாம் படங்கள்தான். பவுடர் போடுவதற்கு முன் ஒன்று, போட்ட பின் ஒன்று. தலைமுடி எண்ணெய் விற்பவர்களுக்கு இது சுகம். நான் திருக்கோவிலில் ஒரு வாடிக்கையாளருடைய தொட்டிக்கு முன்னால் முட்டுக்காலில் நின்று படம் எடுத்தேன். சில வாரம் கழித்துப் போய் மறுபடியும் எடுத்தேன். முதல் படத்தில் சுகமான ஒரு மீன். இரண்டாவது படத்தில் சுகமான ஒரு மீன், சற்றுப் பெரியது.

இரண்டையும் அனுப்பினேன். அவர் உடனே போன் எடுத்தார். நோய் வராமல் தடுப்பதுதான் நமது பொருளின் வேலை, ஆகவே வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் வித்தியாசம் என்று விளக்கினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை. மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அது எனக்கு விளங்குது ஐசே. ஆனா முதல் படத்தில மீன் கொஞ்சம் கவலையா இருக்கிற மாதிரி எடுக்கேலாதா?"

ஒன்றும் போடாதவர்

ஜெஸீமா ராத்தாவின் தம்பி அன்சாருக்குக் கல்முனையில் ஒரு போன் கடை. காக்காவின் குளங்களுக்கு அடுத்த காணியில் அவருக்கும் ஒரு குளம் இருந்தது. மீன் தீனிச் சாக்குகளைக் கடையின் பின்னறையில், மின்விசிறிக்குக் கீழே, பலகை மேல் அடுக்கியிருப்பார். போனுக்குக் கண்ணாடி ஒட்ட வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அவருக்கு அது பொருட்டில்லை. "சாமான் நம்மட கண்ணுக்கு முன்னால இரிக்கணும்" என்பார்.

காக்கா என் பவுடரைத் தீனியில் கலக்கத் தொடங்கிய நாளிலிருந்து அன்சாருக்கு என்னைக் கண்டால் ஒரு சிரிப்பு. அரிசிமாக் கஞ்சியில் பவுடரையும் ஒரு கரண்டி சீனிப்பாணியையும் கரைத்து, தீனி மணிகள் மேல் தெளித்து, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். காக்கா அதை மிகவும் பக்குவமாகச் செய்வார். மைத்துனர் வரம்பில் குந்தியிருந்து, "மச்சான், ஏலக்காயும் கொஞ்சம் போடுங்க" என்பார்.

ஒருநாள் காக்காவின் குளத்தில் மீன்கள் தீனிக்குப் பாய்வதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. அன்சார் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் குளத்தைக் காட்டினார். அங்கேயும் தண்ணீர் கொதித்தது.

"உங்கட பவுடரப் போட்டதால மச்சான்ட மீனுக்கு ஒண்டும் நடக்கல்ல. ஒண்டும் போடாததால என்ட மீனுக்கும் ஒண்டும் நடக்கல்ல. இப்ப நீங்க எனக்கு என்னத்த விக்கப்போறீங்க?"

தண்ணிப் போத்தல்

நான் கல்முனை மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவன். என் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் எனக்கென்று ஒரு நடைமுறை உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்பெட்டிக்குள் தண்ணீர்ப் போத்தலை மழைச்சட்டையில் சுற்றி ஒளித்துவைப்பேன். சோற்றுப் பார்சலை எங்காவது மருத மரத்துக்குப் பின்னால் நின்று அவசரமாக விழுங்குவேன். யாருக்கும் முன்னால் வாய் திறந்து கொட்டாவிகூட விடுவதில்லை.

அந்த வருடம் மாரி முடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயல்களில் அறுவடை மெசின்கள் இறங்கியிருந்தன. நோன்போடு வெயிலில் டவுனுக்கு அலையக் கூடாது என்று பாறூக் காக்கா மாதம் முழுவதற்குமான தீனியையும் முன்கூட்டியே வாங்கி, குளக்கரையில் தகரத்தால் அடித்த சிறு வாடிக் கொட்டிலுக்குள் அடுக்கிவிட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பெருநாள் மீன் கண்ணுக்குத் தெரிந்தது. சில மீன்களைக் கையில் பிடித்தாலே பாரமாக இருந்தது.

நோன்பின் நடுவில் ஒரு காலை காக்கா போன் எடுத்தார். "தம்பி, ஒருக்கா வாங்க" என்றார். போய்ப் பார்த்தபோது தீனி மணிகள் தண்ணீருக்கு மேலே அப்படியே மிதந்தன. மீன்கள் வாய்க்கால் தண்ணீர் விழும் மூலையில் கூடி, போக்கிடம் இல்லாத ஆட்கள் மாதிரி நின்றன. வரம்பில் சில செத்துக் கிடந்தன. வயலில் அடித்த மருந்து வாய்க்காலால் வந்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் அன்சாரின் குளம் சுகமாக இருந்தது. காக்கா செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, கரையில் வெட்டிய குழிக்குள் போட்டார். கேள்வி கேட்டவர் அன்சார்தான். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

"ஒரே தண்ணி, ஒரே வெயில். இந்தக் குளத்துக்குள்ள மட்டும் போனது உங்கட பவுடர் ஒண்டுதான். மச்சான் கத்தாருக்குப் போனா எங்கட ராத்தாக்கு நீங்கதான் பதில் செல்லணும்."

பயிற்சியில்லாத நாக்கு

ஒரு பொருளை விற்பவனுக்கு அதன் மேல் சந்தேகம் வருகிற நாள் மோசமானது. இரண்டு கையிலும் மீனை வைத்துக்கொண்டு, நான் இதுவரை சொன்னதெல்லாம் மெய்யா என்று எனக்கே கேள்வி வந்தது. சவர அலகால் ஒரு மீனை அறுத்தேன். குடல் வெறுமையாக, உள்ளே மஞ்சள் சளியோடு இருந்தது. செம்மண் நிறத்தில் இருக்க வேண்டிய ஈரல், அவித்த முட்டைக்கரு மாதிரி வெளிறிக் கிடந்தது. நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு போட்டால் ஈரல் இப்படி ஆகாது என்று படித்திருக்கிறேன். படித்ததை அந்த வரம்பில் நின்று சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வாடிக்குள் போனோம். சாக்குகள் மேற்குப் பக்கத் தகரத்தோடு ஒட்டி அடுக்கியிருந்தன. தகரத்தில் கையை வைத்தேன், சுட்டது. சாக்குக்குள் மூக்கை விட்டேன். கஞ்சியும் சீனிப்பாணியும் நாள்பட ஊறிய அந்த வாடிக்குள் எல்லாமே இனிப்பாகத்தான் மணத்தது. அப்போது காக்கா பழக்கத்தில் சாக்குக்குள் கையை விட்டு ஒரு மணியை எடுத்தார். உதடு வரை கொண்டுபோனார். நின்றார். மணியைத் திரும்பச் சாக்குக்குள்ளேயே போட்டுவிட்டு, விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"காக்கா, கடைசியா எப்ப கடிச்சுப் பாத்தீங்க?" என்றேன். "நோன்பு பிடிக்க முந்தி" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கும் விளங்கியது. வெயில் குடித்த தகரத்தில் சாய்ந்திருந்த சாக்குகளை, நோன்பு தொடங்கியதிலிருந்து யாரும் ருசி பார்க்கவில்லை. மூவரும் சாக்கைப் பார்த்தோம். பிறகு அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நோன்பு இல்லை என்பது அந்த நேரத்தில் எவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது என்பதை எழுத்தில் கொண்டுவர முடியாது. நான் இத்தனை வருடத்தில் மீன் தீனியை ஒருமுறைகூடத் தின்றதில்லை. மணியை வாயில் போட்டுக் கடித்தேன். "கசக்குது" என்றேன். "என்ன கசப்பு? பாவக்காயா, வேப்பங்காயா?" என்றார் காக்கா. யோசித்து, "ரெண்டுக்கும் நடுவில" என்றேன். "தொண்டையில காந்துதா?" என்றார். காந்துகிறதா, அல்லது காந்த வேண்டும் என்று நினைப்பதால் காந்துகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கடித்தேன். முகத்தைச் சுளித்தேன். நல்ல தீனி எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குக் கெட்ட தீனி எப்படித் தெரியும்?

"விடுங்க தம்பி" என்றார் காக்கா. "பவுடர் விக்கிறவர்ட நாக்கு பவுடருக்குத்தான் சாட்சி செல்லும்."

உப்புப் பார்த்தல்

அன்சார் தன் ராத்தாவுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிவதற்குள் மறுபக்கம் கட்டாகிவிட்டது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் வாய்க்கால் கரையால் ஒரு ஓட்டோ குலுங்கி வந்தது. ஜெஸீமா ராத்தா இறங்கினார். நோன்புக் கஞ்சியை அடுப்பில் விட்டு, பக்கத்து வீட்டாரைக் கிண்டச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வந்தவர் குளத்தைப் பார்க்கவில்லை. நேரே வாடிக்குள் போனார்.

"நான் கடிச்சுப் பாக்கிறன்" என்றார். காக்கா பதறிவிட்டார். "நோன்பு முறிஞ்சிரும்" என்றார். ராத்தா திரும்பி நின்றார். "நோன்போட நான் கறிக்கு உப்புப் பாக்கிறல்லியா? நாக்கு நுனியில வெச்சுப் பாத்துத் துப்பிர்ற. விழுங்காட்டி முறியாது. தேவைக்குப் பாக்கலாமெண்டு பள்ளிப் பயான்ல எத்தின தரம் செல்லியிருக்காங்க." காக்கா விடவில்லை. "அது கறிக்கு. மீன் தீனிக்கு உப்புப் பாக்கச் சொல்லி ஆரு செல்லியிருக்கா?" அதற்கு ராத்தா சொன்னதை நான் அதற்குப் பிறகு பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன். "கறி கெட்டா மனிசன் ஏசுவான். இது கெட்டா மனிசன் கத்தாருக்குப் போவான். இதில எது தேவ?"

காக்கா வழிவிட்டார். ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு மணியை நகத்தால் உடைத்து, அந்தத் துணுக்கை நாக்கு நுனியில் வைத்தார். கண் ஒருமுறை சுருங்கியது. வெளியே வந்து துப்பினார். இரண்டாம் தரமும் துப்பினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உங்கட பெட்டிக்குள்ள மழைச்சட்டைக்குள்ள சுத்தி வெச்சிருக்கிற தண்ணிப் போத்தலக் கொண்டாங்க" என்றார். இத்தனை நோன்பும் அவர்களுக்கு அது தெரிந்தே இருந்திருக்கிறது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். கொப்பளித்து, எல்லாத் தண்ணீரையும் துப்பி முடித்த பிறகுதான் காக்காவைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"எண்ணெ காறிப்போய்க் கிடக்கு. காறின தேங்காய்தான். உங்கட உம்மா வீட்டுச் சம்பல் மாதிரி."

மீனுக்கு நோன்பு

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தகரத்தோடு இருந்த சாக்குகளையெல்லாம் வெளியே இழுத்தோம். தன் உம்மாவின் சம்பலுக்காகக் காக்கா சண்டைக்கு வரவில்லை. முகத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. மீன் ஏன் சாகிறது என்று தெரிந்த ஆறுதல். தீனியிலுள்ள எண்ணெய் சூட்டில் பழுதானால் மீனின் ஈரலைத் தின்னும் என்று நான் சொன்னபோது இந்தமுறை எல்லாரும் கேட்டார்கள். கெட்ட தீனியின் மேல் எங்கள் பவுடரைத் தூவி ஒரு பிரயோசனமும் இல்லை என்பதையும் நானே சொன்னேன். அதை மேலாளர் கேட்டிருந்தால் என் வேலை போயிருக்கும்.

"ரெண்டு மூணு நாளைக்கு ஒண்டும் போடாதீங்க காக்கா. வயிறு காயட்டும். மறுகா நல்ல தீனியக் கொஞ்சங்கொஞ்சமா, பவுடரோட போடலாம்" என்றேன். ஒன்றும் போடாமல் இருக்கச் சொல்வது ஒரு விற்பனையாளனுக்கு எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். காக்கா குளத்தைப் பார்த்தபடி நின்றார். தூரத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. உதடுகள் காய்ந்திருந்தன. ஆனால் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இனி இதுகளுக்கும் நோன்பா?"

பின்னறையிலிருந்து

நல்ல தீனியை டவுனில் தேடவேண்டியிருக்கவில்லை. மறுநாள் அன்சார் போன் கடைப் பின்னறையிலிருந்த சாக்குகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, மச்சானைப் பார்க்காமல், வாடியின் நடுவில் பலகை போட்டு, தகரத்தில் படாமல் அடுக்கினார். ராத்தாவின் உத்தரவின்படி, ஒவ்வொரு சாக்கு அவிழ்க்கும்போதும் ஒரு கைப்பிடி வீட்டுக்குப் போய் வந்தது. கஞ்சிக்கு உப்புப் பார்க்கும் நேரத்தில் அதற்கும் பார்த்து முடிவு வரும். முடிவு வரும்வரை காக்கா சாக்கின் வாயைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பார். மீன்கள் முதலில் ஒன்றிரண்டாக மேலே வந்தன. ஒருநாள் ஒரு பெரிய மீன் மணி ஒன்றை விழுங்கியது. அதைப் பார்த்த காக்கா எனக்குப் போன் எடுத்து, மீன் விழுங்கிய செய்தியை ஒரு பிள்ளை பிறந்ததுபோலச் சொன்னார். அந்த மீனுக்குச் சலாம்கூட சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பெருநாளுக்குச் சில நாள் முன்பு நான் போனபோது தண்ணீர் மறுபடியும் கொதித்தது, முன்பளவு இல்லாவிட்டாலும். செத்தது செத்ததுதான். ஆனால் பிடிப்பதற்கு மீன் இருந்தது. நான் புறப்படும்போது அன்சார் மோட்டார் சைக்கிள் வரை கூடவே வந்தார். என் பின்பெட்டியைத் தட்டினார். சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ஒரு பை தாங்க. ஒண்டும் நடக்கிறல்லதான், ஆனா ஒண்டும் நடக்காமலே இரிக்கட்டும். ராத்தாக்கிட்ட மட்டும் செல்லிராதீங்க."

பெருநாள்

பெருநாள் அன்று தொழுகை முடிந்து வரச் சொல்லியிருந்தார்கள். போனேன். மீன் முதல் நாளே பிடித்து முடிந்திருந்தது. வீட்டில் வட்டிலப்பம் இருந்தது, அன்சார் இருந்தார், அன்சார் கூட்டிவந்த இன்னொருவர் இருந்தார், அவர் கூட்டிவந்த ஒருவரும் இருந்தார். ராத்தா என்னைப் பார்த்து, "செல்லல்லியா நான்?" என்பதுபோல் கண்ணைக் காட்டினார். காக்கா புதுச் சாரத்தோடு, ஊரெல்லாம் கேட்கும்படி, இரண்டாம் தரம் குளத்துக்குக் குஞ்சு விடுவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கத்தாரிலிருந்து போன் வந்தது. எடுத்தார். பெருநாள் வாழ்த்துச் சொன்னார், முதலாளியின் பிள்ளைகளைச் சுகம் கேட்டார். பிறகு, "இல்ல, வேற ஆளப் பாருங்க" என்பதை அரபியில் சொன்னார் என்று, கொஞ்சம் அரபி தெரிந்த அன்சார் எனக்கு மொழிபெயர்த்தார். வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து குஞ்சுக் கதையைத் தொடர்ந்தார்.

ஒன்றும் நடக்காமல் இருப்பதை விற்பவனுக்கு, ஒரு மனிதர் எங்கேயும் போகாமல் இருப்பதைவிடப் பெரிய வியாபாரம் அமையாது.

நான் பெருநாளுக்கென்று கொண்டுபோயிருந்த பவுடர்ப் பையை ராத்தாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். தலையாட்டினார். பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கட்ட ஒன்றைத் தேடி உள்ளறைக்குப் போனார். கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பையின் வாய் சிவப்பு ரிபனால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதை ஜன்னலிலிருந்து தள்ளி, தயிர்ச் சட்டிகளுக்குப் பக்கத்து நிழலில் வைத்துவிட்டு, வட்டிலப்பம் வெட்டப் போனார்.